பாரீஸ் நகரில் மணக்கும் வியட்நாம் சூப்பு!

பாரீஸ் என்றதும் ஈபெல் கோபுரம்தான் நினைவுக்கு வரும். ஆனால் அதே நகரின் தென்கிழக்கு மூலையில் ஒரு குட்டி வியட்நாம் இருக்கிறது!

பாரீசின் 13-வது வட்டாரம் அது. இவ்ரி சாலை, ஷுவாசி சாலை என்ற இரண்டு வீதிகளிலும் ஆசிய நாட்டுச் சாப்பாட்டுக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. பட்டை மணமும் இஞ்சி மணமும் மூக்கைத் துளைக்கும்.

அங்கே என்ன கிடைக்கும்? எப்படிச் சாப்பிடுவது? வியட்நாமியர் பாரீசுக்கு வந்தது எப்படி? எல்லாமே சுவையான கதைதான்.

"போ" என்றால் "வா"!

வியட்நாமியரின் பெருமைக்குரிய சாப்பாடு ஒரு சூப்பு. பெயர் "ஃபோ". காதில் "போ" என்பது போல விழும். நம் ஊரில் "போ" என்றால் விருந்தாளி கோபித்துக்கொண்டு எழுந்து போய்விடுவார். அங்கே அந்தச் சொல்லைக் கேட்டால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார்!

மாட்டு எலும்பைப் பல மணி நேரம் கொதிக்க வைப்பார்கள். இஞ்சியையும் வெங்காயத்தையும் நெருப்பில் சுட்டு அதில் போடுவார்கள். பட்டை, கிராம்பு, அன்னாசிப்பூ ஆகியவையும் சேரும். பிறகு சாறை வடிகட்டி எடுப்பார்கள்.

பெரிய கோப்பையில் நாடா போன்ற அரிசிச் சேமியா இருக்கும். அதன்மேல் இறைச்சியை மெல்லிதாகச் சீவி, பச்சையாகவே வைப்பார்கள். கொதிக்கும் சாறை ஊற்றியதும் அது வெந்துவிடும்.

கூடவே ஒரு தட்டு வரும். அதில் துளசி இனத்து இலை, முளைகட்டிய பயறு, எலுமிச்சைத் துண்டு, மிளகாய் ஆகியவை இருக்கும். வேண்டியதைக் கிள்ளிப் போட்டுக்கொள்ளலாம். வலது கையில் குச்சிகள், இடது கையில் கரண்டி. உறிஞ்சிச் சாப்பிட்டால் யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள்.

மீன் சாறு

நமக்கு உப்பு போல அவர்களுக்கு மீன் சாறு. நெத்திலி போன்ற சிறு மீன்களை உப்புடன் சேர்த்துப் பெரிய பீப்பாயில் மாதக்கணக்கில் ஊற வைத்து இறக்குவது அது. கருவாடு பழகிய மூக்குக்கு அந்த வாசனை புதிதல்ல.

"நெம்" என்ற பொரித்த சுருளையும் இந்தச் சாறில் தொட்டுத்தான் தின்பார்கள். அரிசித் தாளில் பன்றிக்கறி, காளான், சேமியா வைத்துச் சுருட்டி எண்ணெயில் பொரிப்பார்கள். அதைக் கீரை இலையிலும் புதினாவிலும் சுற்றிக் கடிக்க வேண்டும்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் "சாய்" என்ற சொல்லை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். வியட்நாம் மொழியில் அது சைவ உணவைக் குறிக்கும். ஆனாலும் மீன் சாறு கலந்திருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது!

போன ரொட்டி திரும்பி வந்தது

பிரெஞ்சுப் படை 1859-ம் ஆண்டில் சைகோன் நகரைப் பிடித்தது. பிரெஞ்சுக்காரர்களோடு நீள ரொட்டியும் காப்பியும் அங்கே போயின. வியட்நாமியர் அந்த ரொட்டியைப் பிளந்து இறைச்சி, ஊறுகாய்க் காரட், கொத்தமல்லி, மிளகாய் வைத்தார்கள். அதன் பெயர் "பான் மீ". இன்று அது பாரீசிலேயே விற்பனையாகிறது. பிரெஞ்சுக்காரர்களே வாங்கித் தின்கிறார்கள்!

கண்ணீரில் விளைந்த நெல்

இந்தக் கதையில் கண்ணீரும் உண்டு. 1939, 1940-ம் ஆண்டுகளில் சுமார் 20 ஆயிரம் வியட்நாமியரைப் பிரெஞ்சு அரசு போர்க்கால வேலைக்காகக் கப்பலில் கொண்டு வந்தது. பெரும்பாலோர் ஏழை விவசாயிகள், கட்டாயப்படுத்தி அனுப்பப்பட்டவர்கள். கூலியோ மிகச் சொற்பம்.

1940-ல் பிரான்சு ஜெர்மனியிடம் வீழ்ந்தது. ஊர் திரும்ப வழியில்லை. அவர்களில் சிலர் தென் பிரான்சின் காமார்க் சதுப்பு நிலத்துக்கு அனுப்பப்பட்டனர். நெல் நடத் தெரிந்த கைகள் அங்கே நெல் நட்டன. காமார்க் அரிசி இன்று பிரான்சில் பெயர் பெற்ற அரிசி. ஆனால் அந்த உழைப்பாளிகளை நாடு நெடுங்காலம் மறந்தே போயிற்று. 2014-ம் ஆண்டில்தான் அங்கே அவர்களுக்கு ஒரு நினைவுச் சின்னம் எழுந்தது.

காலி வீடுகளில் குடியேறினார்கள்

1975-ம் ஆண்டு ஏப்ரல் 30-ந் தேதி சைகோன் வீழ்ந்தது. வியட்நாம் போர் முடிந்தது. பல லட்சம் பேர் நாட்டை விட்டு வெளியேறினார்கள். படகில் ஏறிக் கடலிலேயே மாண்டவர்கள் ஏராளம்.

அந்தச் சமயத்தில் பாரீசின் 13-வது வட்டாரத்தில் வானளாவிய அடுக்குமாடி வீடுகள் புதிதாகக் கட்டப்பட்டிருந்தன. பாரீஸ்வாசிகளுக்கு அவை பிடிக்கவில்லை. பல வீடுகள் காலியாகக் கிடந்தன. வியட்நாம், கம்போடியா, லாவோஸ் நாடுகளிலிருந்து வந்த அகதிகள் அங்கே குடியேறினார்கள். அவர்களில் சீன வம்சாவளியினரும் பலர்.

வீட்டையும் வயலையும் கப்பலில் ஏற்ற முடியாது. கைப்பக்குவத்தைக் கொண்டுவர யாரும் தடை போட முடியாது அல்லவா? அதுவே பலருக்குப் பிழைப்பாயிற்று. குடும்பமே உழைத்துக் கடை நடத்தியது.

புதுச்சேரிக்கும் பங்கு உண்டு

பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் புதுச்சேரித் தமிழர்கள் பலர் சைகோனுக்குப் போனார்கள். உத்தியோகம் பார்த்தவர்களும் உண்டு. வியாபாரம் செய்தவர்களும் உண்டு. சிலர் வியட்நாம் பெண்களை மணந்தார்கள். அங்கே தமிழர்கள் எழுப்பிய மாரியம்மன் கோவில் இன்றும் இருக்கிறது. வியட்நாமியரும் வந்து ஊதுபத்தி ஏற்றிக் கும்பிடுகிறார்கள்.

காலம் மாறியபோது அந்தக் குடும்பங்களில் சில பிரான்சுக்குப் போயின. சில புதுச்சேரிக்குத் திரும்பின. அதனால்தான் பாரீசில் மணக்கும் அந்தப் பொரித்த சுருள், புதுச்சேரியில் சில வீடுகளின் அடுப்பிலும் விசேஷ நாட்களில் பொரிகிறது!