நெய்யூர் டாக்டரின் கேமரா

மலையும் லென்ஸும் – 6

1924 ஜூன் 4. எவரெஸ்டின் வடக்குப் பக்கம், கிட்டத்தட்ட 28,000 அடி உயரம். ஹோவர்ட் சாமர்வெல் அதற்கு மேல் நடக்க முடியாமல் உட்கார்ந்துவிட்டார். தொண்டை புண்ணாகி மூச்சே திணறியது. கூட வந்த நார்டன் மட்டும் தனியாக முன்னேறினார். அந்த நிலையிலும் சாமர்வெல் கேமராவை எடுத்து, பாறைச் சரிவில் நகர்ந்துபோகும் நார்டனைப் படம் பிடித்தார். அதற்கு முன் எந்த மலையேறியும் அவ்வளவு உயரத்தில் நின்றதாகப் பதிவு இல்லை.

சாமர்வெல் நமக்கு அந்நியர் அல்ல. அப்போது திருவிதாங்கூரில் இருந்த, இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கும் நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் பல காலம் அறுவை சிகிச்சை செய்தவர். பிறகு வேலூர் சி.எம்.சி.யிலும் பணியாற்றினார்.

அன்று எவரெஸ்டில் அவர் கையில் இருந்தது 1912இல் சந்தைக்கு வந்த வெஸ்ட் பாக்கெட் கோடக். மடக்கினால் சுமார் ஓர் அங்குலத் தடிமன்தான், சட்டைப்பையில் போட்டுக்கொள்ளலாம். ஒரு சுருளுக்கு 8 படம். முதல் உலகப் போருக்குப் போன சிப்பாய்கள் ஆசையாக வாங்கிப்போன கேமரா அது. எவரெஸ்ட் குழுவின் அதிகாரபூர்வப் படப்பிடிப்பாளர் ஜான் நோயலிடம் பெரிய மூவி கேமராவும் நீளமான டெலி லென்ஸும் இருந்தன. ஆனால் அவை வெகு கீழே நின்றுதான் சிகரத்தைப் பார்க்க வேண்டியிருந்தது.

கீழே இறங்கிய சாமர்வெல், தன் கேமராவை அதே குழுவில் இருந்த மல்லோரியிடம் கொடுத்தார். ஜூன் 8 அன்று மல்லோரியும் குழுவின் இன்னொரு மலையேறி இர்வினும் மேலே போனார்கள், திரும்பவில்லை. 1999இல் மல்லோரியின் உடல் கிடைத்தது. கேமரா கிடைக்கவில்லை. அவர்கள் உச்சியைத் தொட்டார்களா என்ற விவாதத்தை அதற்குள் இருக்கும் பிலிம் ஒருநாள் முடித்துவைக்கும் என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

“ஊர் சுற்ற ஒரு கேமரா வாங்கணும், எது நல்லது?” என்று கேட்கும் வாசகர்கள் மெகாபிக்சலில் ஆரம்பித்து ஜூமில் முடிக்கிறார்கள். எடை என்ன என்று கேட்பவர் அபூர்வம். நான் அதில்தான் ஆரம்பிப்பேன்; அவ்வளவு உயரம் போனது சாமர்வெலின் சட்டைப்பைக் கேமராதானே.

வெள்ளியங்கிரி ஏறியவர்களுக்குத் தெரியும். ஒரு கையில் மூங்கில் கம்பு. இன்னொரு கைதான் பாறையைப் பிடிக்க வேண்டும், டார்ச் அடிக்க வேண்டும், தண்ணீர் பாட்டிலை எடுக்க வேண்டும். முதுகுப்பையை இறக்கி, ஜிப்பைத் திறந்து, உறையைக் கழற்றி, லென்ஸ் மூடியை எங்கே வைப்பது என்று யோசிப்பதற்குள் பள்ளத்தாக்கில் திரண்ட மேகம் கலைந்துவிடும். சரி, அடுத்த மலையில் எடுத்துக்கொள்ளலாம் என்று தோன்றும். அடுத்த மலையில் பையை இறக்கவே மனம் வராது.

ஆகவே கேமரா உங்கள் உடம்பில் எங்கே இருக்கப்போகிறது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். சுமார் 300 கிராம் வரை பாக்கெட் தாங்கும். 700 கிராம் வரை தோளில் தொங்கவிட்டு நாள் முழுக்க நடக்கலாம். அதைத் தாண்டினால் கேமரா பைக்குள் போய்விடும். படம் எடுப்பதற்கென்றே கிளம்புகிறவருக்கு அது பரவாயில்லை. குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு போகிறவருக்குச் சரிப்படாது.

இந்த வரம்புக்குள் எவ்வளவு பெரிய சென்சார் கிடைக்கும் என்பது அடுத்த கேள்வி. சிறிய காம்பாக்ட்களில் சென்சார் சுமார் 6.2க்கு 4.6 மி.மீ.தான். ‘1 இன்ச்’ வகையில் 13.2க்கு 8.8, பரப்பில் நான்கு மடங்கு. மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் 17.3க்கு 13. ஏபிஎஸ்-சி ஏறத்தாழ 23.5க்கு 15.6. ஃபுல் ஃப்ரேம் 36க்கு 24. சோலைக்காட்டு நிழலிலும் விடிகாலை இருட்டிலும் படத்தில் புள்ளி புள்ளியாக நாய்ஸ் வராமல் இருக்க இந்தப் பரப்பு உதவும். ஆனால் சென்சார் பெரிதானால் லென்ஸும் பெரிதாகும். ‘கையடக்க ஃபுல் ஃப்ரேம்’ என்ற விளம்பரங்களில் எடை போட்டுக் காட்டுவது பெரும்பாலும் லென்ஸ் இல்லாத வெறும் பாடியைத்தான்.

2019இல் வந்த ரீக்கோ ஜிஆர் 3 பேட்டரியோடு 257 கிராம். உள்ளே 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி சென்சார். ஜூம் கிடையாது, 28 மி.மீ. அகலப் பார்வை ஒன்றுதான். வலது கையால் பிடித்து, அதே கையின் விரல்களாலேயே எல்லா அமைப்புகளையும் மாற்றலாம். கம்பைக் கீழே போட வேண்டாம். குறைகளும் உண்டு. ஒரு சார்ஜுக்கு 200 படம் என்று கம்பெனியே சொல்கிறது; மாற்று பேட்டரி இல்லாமல் கிளம்பக் கூடாது. வ்யூஃபைண்டர் இல்லாததால் உச்சி வெயிலில் திரையில் உங்கள் முகம்தான் தெரியும். மழைக்குப் பாதுகாப்பு இல்லை. இத்தனைக்குப் பிறகும், நிலக்காட்சியும் தெருவும் போதும் என்பவருக்கு என் ஓட்டு இதற்கே.

ஜூம் மோகம் தனிக்கதை. நிக்கான் பி1000 (2018) 125 மடங்கு இழுக்கும், 3000 மி.மீ. லென்ஸுக்குச் சமம். எடை 1.4 கிலோ; சென்சாரோ நான் முதலில் சொன்ன சின்ன அளவுதான். கடைசி வரை இழுத்தால் லென்ஸின் துளை எஃப் 8க்குச் சுருங்கிவிடும். நல்ல காலை வெயிலில் கோடியக்கரைப் பக்கம் பூநாரை எடுக்க இது அருமையான கேமரா. வெளிச்சம் இறங்கியதும் தடுமாறும். மதியம் உப்பளத்தின் மேல் காற்று நெளியும்போது எந்த ஜூமும் தெளிவு தராது. பறவைதான் நோக்கம் என்றால் வாங்குங்கள். “எதுக்கும் இருக்கட்டும்” என்றால் வேண்டாம். மிதமான ஜூம் போதும் என்பவருக்கு சோனி ஆர்எக்ஸ்100-ன் ஏழாம் பதிப்பு உண்டு: 302 கிராம், 1 இன்ச் சென்சார், 24 முதல் 200 மி.மீ. வரை.

வால்பாறை மழைக்கும் புழுதிச் சாலைக்கும் ஓஎம்-5 மாதிரியான மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் பொருத்தம். பேட்டரியோடு 414 கிராம். 12-45 லென்ஸ் 254 கிராம். தூசியும் தூறலும் தாங்கும் ஐபி53 தரம். பாடிக்குள்ளேயே நடுக்கத்தைச் சமாளிக்கும் வசதி இருப்பதால் முக்காலி இல்லாமலே மங்கிய வெளிச்சத்தில் எடுக்கலாம். மாமல்லபுரம் போன்ற இடங்களில் முக்காலி வைக்கத் தொல்லியல் துறையிடம் அனுமதி வாங்க வேண்டும் என்பதை நினைத்தால் இந்த வசதியின் அருமை புரியும். கடலில் குதிக்கிறவர்களுக்கு 15 மீட்டர் ஆழம் தாங்கும் ஒலிம்பஸ் டிஜி-6 இருக்கிறது. படத்தின் தரம் சுமார்தான்.

போன் போதாதா என்றால், பகல் வெளிச்சத்து அகலக் காட்சிகளுக்கு நிச்சயம் போதும். தொலைவு, இருட்டு, ஈர விரலுக்குப் பணியாத தொடுதிரை, இந்த மூன்றும் தொந்தரவு செய்யாதவரை தனிக் கேமராவுக்குச் செலவழிக்க வேண்டாம்.

புதிதாக வாங்கக் கட்டுப்படியாகாதவர்கள் பயப்படாமல் பழையதைத் தேடலாம். கடைக்குப் போகும்போது வழக்கமாகச் சுமக்கும் முதுகுப்பையை மாட்டிக்கொண்டே போங்கள். அதோடு கேமராவைத் தோளில் போட்டு நாலு படி ஏறி இறங்குங்கள். ஒரு கையால் ஆன் செய்து ஒரு படம் எடுத்துப் பாருங்கள். லென்ஸைக் கழற்ற முடியுமானால் கழற்றி, பின்பக்கத்திலிருந்து போன் டார்ச்சை அடித்து முன்பக்கமாகச் சாய்த்துப் பாருங்கள். ஒன்றிரண்டு தூசிப் புள்ளிகளால் பாதகமில்லை. நூல் நூலாகக் கிளை பிரிந்திருந்தால் அது பூஞ்சை. நம் கடற்கரை ஊர்களின் ஈரப்பதத்தில் இன்னும் பரவும். அப்படிப்பட்ட லென்ஸை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

(தொடரும்)