ஐந்தாம் சக்கர வண்டியும் அதன் குலுக்கமும்

வட அமெரிக்க நெடுஞ்சாலைகளிலே வீட்டையே பின்னால் இழுத்துச் செல்லும் பிக்கப் வண்டிகளைக் காணலாம். படுக்கையறையும் சமையலறையும் அமைந்த அவ்விழுவண்டிகளில் ஒருவகைக்கு ‘ஐந்தாம் சக்கரம்’ என்று பெயர். குதிரை வண்டியின் முன்னச்சு திரும்புவதற்காக அதன்மேற் கிடையாக வைக்கப்பட்ட வளையமே முன்னர் அப்பெயரைப் பெற்றிருந்தது. இன்று பிக்கப்பின் பொருளேற்றும் தட்டிலே ஓர் இணைப்பைப் பொருத்தி, இழுவண்டியின் மூக்கிலிருந்து கீழ்நோக்கி நிற்கும் உருக்கு முளையை அதனுட் பூட்டுகிறார்கள்.

ஓய்வுபெற்றோர் பலருக்கு இதுவே நிரந்தர வீடு. ஆதலின் குலுக்கம் முதுகு நோவோடு முடிவதன்று. அலுமாரித் திருகாணிகள் கழல்கின்றன. நாளடைவில் வண்டிச் சட்டத்தின் ஒட்டுகளிலும் வெடிப்பு ஏற்படலாம்.

குலுக்கம் எங்கிருந்து பிறக்கிறது? முதலாவது, சாலை. கொங்கிரீற்றுச் சாலைகளிற் பெரும்பாலும் 15 அடிக்கு ஒரு பொருத்து உண்டு. மணிக்கு 60 மைல் வேகமென்பது செக்கனுக்கு 88 அடி. எனவே ஒவ்வோர் அச்சும் செக்கனுக்கு ஏறக்குறைய 6 உதைகளைப் பெறுகிறது. அவ்வுதைகளின் தாளம் வண்டியின் இயல்பான ஆட்டத்தோடு ஒத்துவிட்டால் குலுக்கம் பெருகும். சாலையை மாற்ற இயலாது; வேகத்தைச் சற்றுக் குறைத்துத் தாளத்தை மாற்றலாம்.

இரண்டாவது, பாரம். மாட்டுவண்டியில் மூட்டைகள் முன்னே மிகுந்தால் நுகம் கழுத்தை அழுத்தும். பின்னே மிகுந்தால் நுகம் மேலெழும். இங்கும் அந்நியதியே. இழுவண்டியின் மொத்த நிறையில் 15 முதல் 25 வீதம் வரை முளையின்மேல் இறங்குதல் வேண்டும். 10,000 இறாத்தல் வண்டியாயின் அது 1,500 முதல் 2,500 இறாத்தல் வரையாகும். அதனைப் பிக்கப் தாங்குமா என்பதையும் எடைமேடையில் நிறுத்தே அறிதல் வேண்டும். வண்டியும் மூக்குயராது மட்டமாக நிற்றல் வேண்டும். மூக்குயர்ந்தால் பின்னச்சுக்குப் பாரம் கூடும்.

மூன்றாவது, ரயர். மென்மையை நாடி இழுவண்டியின் ரயர்களிற் காற்றைக் குறைப்பது பேராபத்து. காற்றுக் குறைந்த ரயரின் பக்கச்சுவர் மிகுதியாக வளைந்து, சூடேறி, வெடிக்கக்கூடும். குறிப்பிட்ட அழுத்தத்தைப் புறப்படுமுன், ரயர் குளிர்ந்திருக்கையிலே அளந்து பேணுதல் வேண்டும்.

நான்காவது, வில். ஈரச்சு வண்டிகள் பலவற்றில் தகட்டு விற்களுக்கிடையே பாரத்தைப் பகிரும் நெம்பொன்று உண்டு. அதன் ஆணிகளைச் சுற்றியுள்ள நைலோன் உறைகள் தேய்ந்தால் இரும்போடு இரும்பு உராயும். வெண்கல உறைகளையும் கிறீஸ் ஊட்டக்கூடிய ஆணிகளையும் இட்டால் அத்தேய்வு குறையும். இறப்பர் பொதிந்த நெம்பும் அதிர்வு தாங்கிகளும் உதையைத் தணிக்கும்.

இறுதியாக, இணைப்பு. முளைக்கும் அதைப் பற்றும் தாடைக்கும் இடைவெளி மிகுந்தால், வண்டி முன்னும் பின்னும் இடித்தபடியே ஓடும். அவ்விடைவெளியைச் சரிசெய்தல் வேண்டும். காற்றுப்பையோ இறப்பரோ பொதிந்த முளைப்பெட்டிகளும் விற்பனைக்கு உண்டு. அவை நற்பயன் தருவன. ஆயினும் விலையுயர்ந்த அக்கருவியை முதலில் வாங்குவது முறையன்று. பிழையாக ஏற்றிய பாரத்தையும் காற்றுக் குறைந்த ரயரையும் அது திருத்தாது; அவற்றின் அறிகுறியை மறைக்கவே கூடும். எடைமேடையும் காற்றழுத்தமானியும் முதலிற் பேசட்டும். பணப்பை பின்னர்த் திறக்கட்டும்.