இசைத்தட்டும் முடுகு வண்ணமும்

பாடுவோர், பண் அமைப்போர், கருவி இசைப்போர் என இசைவாணரை மூவகையாக நாம் அறிவோம். பிறர் பாடிய பாட்டைச் சுழல விடுவோனும் கலைஞன் ஆவானோ? ஆவான் என்பதற்கு அண்மைக்கால வரலாறு சான்று பகர்கின்றது.

ஜமெய்க்காத் தீவிற் பிறந்து நியூயோர்க் நகரிற் குடியேறியவர் கிளைவ் காம்பெல். கூல் ஹேர்க் என்பது அவர் சூடிக்கொண்ட பெயர். 1973 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 11 ஆம் நாள், பிரொங்ஸ் பகுதியில் தாம் வாழ்ந்த தொடர்மாடிக் கட்டடத்தின் பொது அறையில், தம் சகோதரி நடத்திய விருந்தில் அவர் இசைத்தட்டுச் சுழற்றினார். பள்ளி தொடங்குமுன் புத்தாடை வாங்கப் பணம் வேண்டியே அப்பெண் அவ்விருந்தை வைத்தாள்.

பாடற்குரல் ஓய்ந்து முழவு தனித்து ஒலிக்கும் இடம் வந்ததும் ஆடுவோர் எழுச்சி கொள்வதை ஹேர்க் கண்டிருந்தார். அவ்விடமோ சில நொடியில் மறைந்துவிடும். ஆதலின் ஒரே இசைத்தட்டின் இரண்டு படிகளை இரு பொறிகளில் வைத்தார். ஒன்றில் அப்பகுதி முடியும்போது மற்றதில் அதனைத் தொடங்கினார். நொடிப்பொழுது முழவு நிமிடக்கணக்கில் நீண்டது. ஹிப் ஹொப் இசைக்கு வித்து இதுவே. அம்முழவின்மேல் விரைந்து சொல்லடுக்கும் ராப் வளர்ந்தது.

இக்கலையைத் தமிழிற் பயிரிட்ட முன்னோடிகளுள் ஒருவர் மலேசியத் தமிழரான யோகி பி. 'பொயட்டிக் அம்மோ' குழுவில் நின்று 1998 இல் முதல் இசைத்தொகுப்பை வெளியிட்டவர். 2006 இல் டாக்டர் பேர்ன், எம்சி ஜெஸ் இருவரோடும் சேர்ந்து 'வல்லவன்' தொகுப்பைத் தந்தார். 1980 இல் வந்த 'நிழல்கள்' படத்துக்கு இளையராஜா அமைத்த 'மடை திறந்து' பாட்டின்மேல் அதிற் புதுச் சொல்லோட்டம் பாய்ந்தது. மறுவருடமே 'பொல்லாதவன்' திரைப்படத்தில் அவர் குரல் ஒலித்தது.

கண்டியில் யான் கற்பிக்கும் மாணவருட் பலர் கலகா, புசல்லாவைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து பஸ்ஸில் வருவோர். வெண்பாவைச் சீர் பிரிக்கத் தயங்கும் மாணவன் இப்பாட்டை ஓர் அசையும் பிறழாது ஒப்புவிக்கின்றான். காமன் கூத்தில் முழங்கும் தப்பைக் குழந்தைப் பருவந்தொட்டுக் கேட்ட செவி அவனுடையது. ஆயினும் நகரத்து நண்பர்முன் அத்தப்பின் பெயரைச் சொல்லவும் நாணுகின்றான். என் கவலை அந்த நாணத்தைப் பற்றியதே.

விரைவு நடை தமிழுக்குப் புதிதன்று. தொல்காப்பியர் வகுத்த 20 வண்ணங்களுள் முடுகு வண்ணமும் ஒன்று. அடியின் எல்லை தோன்றாமல் விரைந்தோடுவது அது. அந்நடையை ஆள விரும்பும் இளைஞர்க்கு ஆசிரியன் என்ற முறையில் ஒன்று சொல்வேன்: எத்துணை விரையினும் வல்லினம் வல்லினமாகவும் ழகரம் ழகரமாகவும் ஒலித்தல் வேண்டும். எழுத்துக் குழைந்தால் சொல் கெடும். சொல் கெட்டால் தாளமும் கெடும்.

கைவசமிருந்த பழைய தட்டுக்களிலேயே ஹேர்க் தமக்கு வேண்டிய முழவைக் கண்டெடுத்தார். நம் பிள்ளைகளின் வீட்டு முற்றத்தில் தப்பு இருக்கின்றது. அதன் ஒலியைப் பதிவுசெய்து, அதன்மேல் நல்ல தமிழை ஓடவிடும் இளைஞன் இம்மலைகளிலிருந்து எழுவானாக. அவனுக்கு யாப்புச் சொல்லித்தர யான் ஆயத்தமாயிருக்கின்றேன்.