கூரையில் தொடங்கும் சிக்கனம்

தொடர்: வீடும் வெயிலும்

கழிவு உருவான பிறகு அதைத் தூய்மை செய்வது எவ்வளவு செலவு பிடிக்கும் என்பதைத் திருப்பூர் அறிந்த அளவுக்குத் தமிழகத்தின் வேறு ஊர்கள் அறிந்திருக்க வாய்ப்பில்லை. நொய்யல் ஆற்றின் குறுக்கே 1992இல் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவின் தேக்கமாக மாறியது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. அதன்பின், ஒரு சொட்டுக் கழிவுநீரையும் வெளியே விடாமல் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்தும் முறை இத்தொழிலின் நிபந்தனையாயிற்று. அம்முறையில் இறுதியாக எஞ்சும் உப்புநீரைக் காய்ச்சி ஆவியாக்க எரிபொருளும் மின்சாரமும் மிகுதியாகத் தேவைப்படுவதால், சாயமேற்றும்போதே நீரையும் உப்பையும் குறைப்பதே மலிவான வழி என்பது தெளிவாயிற்று. மூலத்திலேயே குறைத்தல் என்னும் இக்கொள்கை, அத்தொழிலில் உழைப்போர் குடியிருக்கும் வீடுகளுக்கும் பொருந்துவதாகும்.

பனியன் கம்பெனித் தொழிலாளர் பலர் வசிப்பவை ‘லைன் வீடுகள்’, அதாவது ஒரே நீளக் கட்டடத்தைக் குறுக்குச் சுவர்களால் தடுத்து வரிசையாக வாடகைக்கு விடப்படும் சிறு வீடுகள். பக்கச் சுவர்கள் அண்டை வீட்டுக்கும் பொதுவானவை என்பதால் பகல் வெப்பம் முதன்மையாகக் கூரை வழியாகவே உள்ளே இறங்குகிறது. வெயிலில் காய்ந்த சிமென்ட் ஷீட் உடனுக்குடன் வெப்பத்தைக் கீழே கதிர்வீச, கான்கிரீட் தளமோ பகலில் சேமித்ததை இரவில் மெல்ல வெளிவிடுகிறது. வெண்ணிறப் பரப்பு சூரிய ஒளியின் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடுவதால், கோடைக்கு முன் தளத்தில் சுண்ணாம்போ வெள்ளைப் பூச்சோ அடிப்பது, செலவுக்கு ஏற்ற பயன் தரும் முதல் நடவடிக்கையாகிறது. பூச்சுக்கு முன் ஆஸ்பெஸ்டாஸ் கலந்த பழைய ஷீட்டை உலர்ந்த நிலையில் சுரண்டினால் நுரையீரலுக்குத் தீங்கான நுண்ணிழைகள் பறக்கும் என்பதால், அதை அவ்வாறு சுரண்டித் துப்புரவு செய்வது தவிர்க்கப்பட வேண்டும்.

அடுத்தது காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியே தென்மேற்குப் பருவத்தில் வீசும் காற்றே பல்லடம், உடுமலை, தாராபுரம் பகுதிகளின் காற்றாலைகளைச் சுழற்றுகிறது. அக்காற்று நுழைய மேற்கில் ஜன்னல் வேண்டும். ஆனால் மாலை வெயில் தாக்குவதும் அதே மேற்குச் சுவரைத்தான். ஆகவே மேற்கு ஜன்னலை அடைத்துவிடாமல், அதற்கு நிழல்தரும் தடுப்பு அமைத்து, இடமிருந்தால் ஒரு வேம்போ புங்கனோ நட்டு, எதிர்ச்சுவரிலும் காற்று வெளியேறத் திறப்பு விடுவதே இம்முரணுக்குத் தீர்வாகும்.

இவ்விரண்டுக்குப் பின்னரே கருவிகள் வருகின்றன. பழைய மின்விசிறி ஏறத்தாழ 75 வாட் எடுக்க, நிலைக்காந்தமும் மின்னணுக் கட்டுப்பாடும் கொண்ட பி.எல்.டி.சி. மின்விசிறி ஏறத்தாழ 30 வாட்டில் ஓடுகிறது. நாளொன்றுக்கு 12 மணி நேரம் என்று கொண்டால், இரு மாத மின்கணக்கில் ஒரு விசிறிக்கு 32 யூனிட் மிஞ்சும். பத்து வீடுகள் கொண்ட ஒரு லைனில் பத்து விசிறிகளை மாற்றினால் நாளொன்றுக்கு 5.4 யூனிட் மிச்சமாகும். ஒரு கிலோவாட் சூரியத் தகடுகள் நாளொன்றுக்குச் சராசரியாகத் தருவதோ 4 யூனிட் அளவே. 2024இல் மத்திய அரசு தொடங்கிய சூரிய வீடு திட்டம் 3 கிலோவாட் அமைப்புக்கு 78,000 ரூபாய் மானியம் அளிப்பது பயனுள்ளதே எனினும், தேவையைக் குறைத்த பின் தகடு பொருத்தும் வீட்டுக்குச் சிறிய அமைப்பே போதும்.

எஞ்சுவது, செலவு யாருடையது என்னும் கேள்வி. கட்டடம் உரிமையாளருடையது, மின்கட்டணமும் புழுக்கமும் குடியிருப்பவருடையவை. வீடு மாறும்போது கழற்றிச் செல்லக்கூடிய விசிறியைத் தொழிலாளி வாங்கலாம். கூரைப் பூச்சையும் ஜன்னலையும் சூரியத் தகட்டையும் அவர் எடுத்துச் செல்ல முடியாது. ஆதலால் ஆண்டுதோறும் கூரைக்கு வெள்ளையடிப்பதை, குழாய் பழுதுபார்ப்பதைப் போல உரிமையாளரின் வழக்கமான பராமரிப்புப் பொறுப்பாக வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதுவதுதான், பெரும் முதலீடு ஏதுமின்றி இவ்வட்டாரத்தில் தொடங்கக்கூடிய சீர்திருத்தமாகும்.

(தொடரும்)