கடைசல் கற்க ஆசையா? நான்கு ஆசான்கள் இருக்கிறார்கள்!

பிள்ளைகள் விடும் பம்பரம், தொட்டில் கால், சப்பாத்தி உருட்டும் கட்டை, சிறுமிகளின் மரச் சொப்பு... இவை எல்லாம் ஒரே தொழிலில் பிறந்தவை. அதற்குக் கடைசல் என்று பெயர்.

தச்சு வேலையில் மரம் அசையாது, உளி நகரும். கடைசலில் மரம் சுழலும். உளியைத் தாங்கியின் மேல் ஊன்றிப் பிடித்தால், மரம் சுருள் சுருளாகச் சீவப்பட்டு உருண்டையாகும்.

பார்க்க எளிது. ஆனால், உளியைத் தவறாகப் பிடித்தால் சுழலும் கட்டை அதை வெடுக்கென்று இழுக்கும். கட்டை தெறிக்கும். கண்ணும் போகலாம், விரலும் போகலாம். ஆகவே, கடைசலை முறையாகக் கற்க வேண்டும். கற்றுத்தர நான்கு ஆசான்கள் உண்டு.

நூல்

கடைசலுக்கென்றே பழங்காலத்தில் ஒரு பெரிய நூல் எழுதியவர் யார் தெரியுமா? ஒரு துறவி! பிரான்சு நாட்டுச் சார்லசு புளூமியே. அவரது நூல் 1701-ம் ஆண்டில் லியோன் நகரில் வெளிவந்தது. அவர் செடிகொடிகளையும் ஆராய்ந்தவர். ஈழத்தலரிக்கு 'புளூமேரியா' என்ற அறிவியல் பெயர் வந்தது அவர் நினைவாகத்தான்.

புதிதாகக் கற்பவர்களுக்கு இரண்டு ஆங்கில நூல்கள் ஏற்றவை. ஒன்று, ரிச்சர்டு ராபன் எழுதிய 'டர்னிங் உட்' (1985). மற்றொன்று, கீத் ரௌலி எழுதிய 'உட்டர்னிங்: எ பவுண்டேஷன் கோர்ஸ்' (1990).

படம்

உளி எப்படி நகர்கிறது என்பதை எழுத்தில் முழுவதும் சொல்ல முடியாது. அதனால் ராபன் தம் நூலுக்குத் துணையாகப் படமும் எடுத்தார். இன்று இத்தகைய படங்களைக் கைபேசியிலேயே பார்க்கலாம். ஆனால் ஒன்று: நீங்கள் படத்தைப் பார்க்கலாம், படம் உங்கள் கையைப் பார்க்காது!

சங்கம்

அந்தக் குறையைச் சங்கம் தீர்க்கும். அமெரிக்காவில் 1986-ம் ஆண்டிலும், பிரிட்டனில் 1987-ம் ஆண்டிலும் கடைசல்காரர் சங்கங்கள் தோன்றின. கிளைக் கூட்டங்களில் தேர்ந்தவர் கடைந்து காட்டுவார். புதியவர் அருகே நின்று கேள்வி கேட்கலாம்.

பட்டறை

நம் பக்கத்தில் அந்த வேலையைப் பட்டறையே செய்து வந்திருக்கிறது. நெல்லை மாவட்டம் அம்பாசமுத்திரம் மரச் சொப்புக்குப் பெயர் பெற்றது. கர்நாடகத்தின் சென்னபட்டணம் வண்ண பொம்மைக்குப் பெயர் பெற்றது. அரக்குக் கட்டியைச் சுழலும் பொம்மை மீது அழுத்தினால், உராயும் சூட்டில் அரக்கு உருகி ஒட்டிக்கொள்ளும். எவ்வளவு அழுத்துவது? அதைப் பக்கத்தில் நின்று பார்த்தால்தான் தெரியும்.

மறக்கக் கூடாதவை

எந்த ஆசானிடம் கற்றாலும் இவற்றை மறக்காதீர்கள்:

1. தொங்கும் துண்டு, முந்தானை, தளர்ந்த சட்டைக்கை கூடாது. கூந்தலை முடிந்துகொள்ளுங்கள். கையுறை வேண்டாம், எந்திரம் அதைக் கையோடு சேர்த்து இழுத்துவிடும்.

2. முகம் முழுவதையும் மறைக்கும் கவசம் அணியுங்கள். மரத்தூள் நெஞ்சில் இறங்காமல் மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள்.

3. விசையைப் போடும் முன், கட்டையைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். எங்கும் இடிக்கக் கூடாது. விசையைப் போடும்போது கட்டைக்கு நேராக நிற்காதீர்கள். பெரிய கட்டையை மெதுவாகவே சுழல விடுங்கள்.

4. உளி முதலில் தாங்கியைத் தொட வேண்டும், பிறகுதான் மரத்தை. உளியின் சாய்ந்த முகம் மரத்தில் உராயட்டும். பிறகு பிடியை மெல்ல உயர்த்துங்கள். கூர்முனை தானே வெட்டத் தொடங்கும்.

5. மழுங்கிய உளியே ஆபத்தானது. அதை அழுத்த வேண்டியிருக்கும்; அழுத்தினால் வழுக்கும். எனவே கடையக் கற்கும்போதே சாணை பிடிக்கவும் கற்றுக்கொள்ளுங்கள்.

முதல் நாளே கிண்ணம் செய்ய ஆசைப்படாதீர்கள். வெடிப்பும் முடிச்சும் இல்லாத ஒரு கிளைத் துண்டை எடுங்கள். அதில் ஒரு மேடு, ஒரு பள்ளம், மீண்டும் ஒரு மேடு என்று கடையுங்கள். கட்டை தீர்ந்ததும் இன்னொன்றை எடுங்கள். கை பழகியதும் பிள்ளைக்கு ஒரு பம்பரம் கடைந்து கொடுங்கள். அது தள்ளாடாமல் நின்று சுற்றினால், நீங்கள் தேறிவிட்டீர்கள்!