மூன்று, இருபது, நான்கு

2020 ஜூன் 16, பத்திரிகை அலுவலகத்தில் எனக்கு இரவுப் பணி. சீன ராணுவத்துடனான கல்வான் மோதலில் ஓர் அதிகாரியும் இரண்டு வீரர்களும் பலி என்று நம் ராணுவம் பகலிலேயே சொல்லிவிட்டதால், தலைப்பில் '3' போட்டுப் பக்கத்தை முடித்திருந்தோம். இரவில் அடுத்த அறிக்கை வந்தது: 20 பேர். பக்கத்தைப் பிரித்தோம். பலியானவர்களில் ஒருவரான ராமநாதபுரம் மாவட்டத்து ஹவில்தார் பழனியின் படத்தை முதல் பக்கத்துக்குக் கொண்டுவந்தோம்.

எல்லைக்கு அந்தப் பக்கம் எத்தனை பேர் இறந்தார்கள் என்று சீன மக்களுக்குத் தெரிய எட்டு மாதம் ஆனது. 2021 பிப்ரவரியில்தான் சீன ராணுவ நாளிதழ் நான்கு பெயர்களை வெளியிட்டது. அங்கே நிருபர்கள் இல்லாமல் இல்லை. 2003-இல் குவாங்சோவில் காவலில் ஓர் இளைஞர் அடித்துக் கொல்லப்பட்டதை அவ்வூர்ப் பத்திரிகை எழுதியதால், வசிப்பிட அனுமதி இல்லாதவர்களைப் பிடித்து அடைக்கும் முறையே ஒழிந்தது. ஆனால் ராணுவம், எல்லை என்று வந்துவிட்டால் எல்லாப் பத்திரிகைகளும் சின்ஹுவா தரும் வாசகத்துக்காகக் காத்திருக்கும். அந்தச் செய்தி நிறுவனம் அரசின் நேரடி அங்கம். நம் பி.டி.ஐ. செய்தி நிறுவனமோ பத்திரிகைகள் சேர்ந்து நடத்துவது.

நான்கு பேர்தானா என்று இணையத்தில் சந்தேகம் கிளப்பிய முன்னாள் பத்திரிகையாளர் சியூ சிமிங்குக்கு எட்டு மாதச் சிறை. அதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. 'இவ்வளவு பேர்தானா?' என்பது எங்கள் அலுவலகத்தில் நாள் தவறாமல் கேட்கும் கேள்வி.

நம் பக்கத்தையும் சொல்ல வேண்டும். இறந்த சீன வீரர்கள் என்று வாட்ஸ்அப்பில் சுற்றிய போலிப் பெயர்ப் பட்டியலை ஒரு தொலைக்காட்சி நேரலையிலேயே வாசித்தது. அது எங்கள் மேசைக்கும் வந்தது.

"டிவியிலயே ஓடுது சார், நாம ஏன் விடணும்?" என்றார் புதிதாகச் சேர்ந்த உதவி ஆசிரியர்.

"யார் சொன்னது தம்பி? பெய்ஜிங்ல இருக்கற நம்ம நிருபர் யாராவது எழுதியிருக்காங்களா, பாருங்க."

பார்த்தார். யாரும் எழுதவில்லை. பட்டியலைத் தூக்கிப் போட்டோம். நம்மை யாரும் தடுக்காத இடத்தில், நாமே நிறுத்திக் கேட்காவிட்டால் பொய்தான் அச்சாகும்.

அப்போது பெய்ஜிங்கில் இந்திய நிருபர்கள் விரல் விட்டு எண்ணும் அளவுக்காவது இருந்தார்கள். 2023-இல் சின்ஹுவா, சீனத் தொலைக்காட்சி நிருபர்களின் விசாவை இந்தியா நீட்டிக்கவில்லை. சீனாவும் பதிலுக்கு இந்திய நிருபர்களின் விசாவை முடக்கியது. கடைசியாக மிஞ்சியிருந்த பி.டி.ஐ. நிருபரையும் கிளம்பச் சொன்னது.