ஏஐ உதவியாளர் போன மாதம் சொன்னதை ஏன் மறக்கிறது?

மாதக் கடைசியில் பில்களைக் கொடுத்து, "தேதிவாரியாக அடுக்கு, ஜிஎஸ்டியைத் தனியாகக் காட்டு" என்கிறோம். அடுத்த மாதம் மறுபடி முதலிலிருந்து. ஏன்? பயிற்சி முடிந்ததும் மொழி மாதிரிக்குள் இருக்கும் எண்கள் உறைந்துவிடுகின்றன. நம் பேச்சு அவற்றை மாற்றாது. பயிற்சியில் கற்றது போக, கண்முன் வைத்த உரைதான் மாதிரிக்குத் தெரியும்.

ஆகவே செய்முறையைக் கோப்பாக எழுதி வைக்கலாம். 2025 அக்டோபரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் தன் ஏஐ உதவியாளரான கிளாடுக்குத் தந்த 'ஸ்கில்ஸ்' இப்படித்தான்: முதலில் கோப்பின் பெயரும் சிறு விளக்கமும் மட்டும் மாதிரியின் கண்முன் வரும், வேலை பொருந்தினால்தான் முழுக் குறிப்பும் திறக்கும். எனக்குப் பிடித்தது இந்தச் சிக்கனம்.

கூட்டலை மட்டும் மாதிரியிடம் விடாதீர்கள். அடுத்த சொல்லை ஊகிப்பதுதான் அதன் வேலை; அதனால் கூட்டலில் தவறலாம். செய்முறைக் கோப்பு இருக்கும் கோப்புறையிலேயே சிறு பைத்தான் நிரல் ஒன்றை வைத்து, கணக்கை அதனிடம் ஒப்படையுங்கள். "தொகை மங்கலாக இருந்தால் என்னைக் கேள்" என்ற வரியையும் செய்முறையில் மறக்காமல் சேர்த்துவிடுங்கள்.